புறங்கைக்காரரும் மிளகளவு சென்சாரும்

அந்தக் கார் பட்டறையில் அவரை எல்லாரும் புறங்கைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினோ, குழாயோ, டீ கிளாஸோ, எதைத் தொடுவதானாலும் முதலில் அவருடைய புறங்கைதான் போகும்.

கார் மின்சார வேலைக்கு வருமுன் பதினோரு வருஷம் ஒரு பேக்கரி அடுப்பின் முன்னால் நின்றவர். அந்த அடுப்பின் சூட்டுமானி கெட்டுப்போனபோது முதலாளி அதைச் சரிசெய்யவே இல்லை. "இவன் கை இருக்கும்போது அது எதுக்கு?" என்று விட்டுவிட்டார். அடுப்பு வாயில் புறங்கையைக் காட்டிக்கொண்டு மனசுக்குள் ஒரு சின்னப் பிரார்த்தனையைச் சொல்லுவார் இவர். சொல்லி முடிக்குமுன் கை சுட்டுவிட்டால் சூடு அதிகம். முடித்த பிறகும் தாங்க முடிந்தால் சூடு போதாது. கடவுள் தனக்குக் கொடுத்த கடிகாரம் அது என்று நம்பினார்.

அன்று காலை தெருவெல்லாம் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. தபால்காரர் தன் பழைய காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்து இருக்கையில் அவருடைய அக்கா, மூக்குவரை கம்பளியைச் சுற்றிக்கொண்டு.

"அண்ணே, ஹீட்டர் வேலை செய்யல. மூணு மணிக்கு ஆஸ்பத்திரியில பாப்பாவைக் கொடுக்குறாங்க."

தபால்காரருக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. முப்பத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து பிழைத்திருக்கிறாள். தாயும் அங்கேயே இருந்தாள். வழியில் குழந்தைக்குக் குளிர் தட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தபால்காரர் வீடிருக்கும் வழுக்கல் மேட்டுக்கு வர எந்த வாடகைக் காரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"போன வாரம் வேற பட்டறையில புது ஃபேன் மாத்தினான். பழசும் சுத்தல, புதுசும் சுத்தல. இவனை மாதிரியே கம்முனு உக்காந்திருக்கு," என்றார் அக்கா.

"அக்கா, கொஞ்சம் சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா வண்டி சூடாயிடுமா?"

"உன் வாயைக் குழாயில மாட்டினா ஆயிடும்."

புறங்கைக்காரர் சிரித்துக்கொண்டே எஞ்சினை ஓடவிட்டார். ஹீட்டருக்குப் போகும் குழாயைத் தொட்டார், சுட்டது. திரும்பி வரும் குழாயும் சுட்டது. வெந்நீர் ஒழுங்காகப் போய்வருகிறது. ஃபேனைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தார். அது விர்ரென்று சுற்றியது. ஃப்யூஸ், சுவிட்ச், ஒயர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் மாட்டினால் சுற்றவில்லை. மணி பதினொன்று ஆகிவிட்டது.

பதற்றத்தில் தபால்காரருக்குப் பேச்சு நிற்கவில்லை. "பாப்பா வயித்துல பட்டன் மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்காங்கண்ணே. அதுதான் பெட்டிக்குச் சொல்லும், இவளுக்குக் குளிருது, சூடு பண்ணுன்னு. ஒரு நாள் அது கழண்டு போச்சு. பாப்பா கதகதன்னு இருக்கா, பெட்டி மட்டும் குளிருது குளிருதுன்னு கத்துது. நர்ஸு ஓடி வந்து ஒட்டினாங்க."

டெஸ்டரைப் பிடித்த புறங்கைக்காரரின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க? சூடு இருக்கு, சொல்ற ஆள்தான் இல்லையா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மாதிரிக் காரில் ஹீட்டர் குழாய்க்கென்றே தனியாக ஒரு சென்சார் உண்டு. தண்ணீர் சூடாகிவிட்டது என்று அது சொன்னால்தான் ஃபேன் சுற்றும். அதுவரை உட்கார்ந்திருப்பவர் காலில் குளிர்காற்று அடிக்கக் கூடாதே என்று, எங்கேயோ முகம் தெரியாத ஒருவர் யோசித்துச் செய்த ஏற்பாடு. எவ்வளவு கரிசனம் என்று அவருக்கு மனசு நெகிழ்ந்தது.

குனிந்து, குழாயைக் கவ்விக்கொண்டிருந்த கிளிப்பைக் கழற்றினார். அதன் நுனியில் மிளகளவு மணி ஒன்று. மீட்டரை மாட்டிக் கெட்டில் வெந்நீரில் முக்கினார். முள் அசையவில்லை. வாசலில் கிடந்த பனிக்குள் புதைத்தார். அப்போதும் அசையவில்லை.

"ஊமையாயிடுச்சு, பாவம். இது வாயைத் திறக்காததால வண்டி இன்னும் தண்ணி சூடாகலைன்னு நெனச்சுக் காத்துக்கிட்டே இருக்கு."

"இத்தனூண்டா?" அக்கா முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "இது சொல்லாம ஒண்ணும் நடக்காதா?"

புதுசு வர இரண்டு நாள் ஆகும் என்று உதிரிபாகக் கடையில் சொன்னார்கள். புறங்கைக்காரர் தகர டப்பாவைக் கிளறி, அரிசியளவு ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து அந்த ஒயரில் இணைத்தார். "இது எப்பவும் தண்ணி சூடா இருக்குன்னுதான் சொல்லும். ஆண்டவனே, இந்த ரெண்டு நாள் பொய்யை மன்னிச்சிரு" என்று வாய்விட்டே சொன்னார். ஃபேன் சுற்றியது. கார் முழுக்க இதமான சூடு பரவியது. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொறுங்க," என்றார் புறங்கைக்காரர். "ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி ஆறிப்போயிடும். திரும்ப எடுக்கும்போது, தண்ணி சூடாகுமுன்னாடியே குளிர்காத்து அடிக்கும். இனி தடுக்க ஆளில்ல."

"எப்ப சூடாச்சுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

புறங்கைக்காரர் கையைக் கழுவிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். "நானே வர்றேன்."

ஆஸ்பத்திரியில் கையெழுத்து, மருந்து என்று ஒன்றரை மணி நேரம் போனது. வண்டி பச்சைத்தண்ணியாக ஆறிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, துணி மூட்டைபோல் குழந்தையை அணைத்துக்கொண்டு தாய் நின்றாள். பக்கத்தில் தபால்காரரும் அக்காவும். எல்லார் கண்ணும் கார்மேல்தான்.

புறங்கைக்காரர் எஞ்சினை ஓடவிட்டு, காற்று வரும் வாயில் புறங்கையைக் காட்டினார். பிரார்த்தனையைச் சொல்லி முடித்தார். குளிர்தான். மறுபடி சொன்னார். மூன்று, நான்கு, ஐந்து. ஏழாவது முறை, பாதி வரியில், பேக்கரிக் காலத்து அந்த இளஞ்சூடு கையில் வந்து படிந்தது. வரியை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கதவைப் பார்த்துக் கையசைத்தார்.

"இப்ப வரலாம்!"

பின்சீட்டில் அக்காவுக்குப் பக்கத்தில், தாய் மடியில் குழந்தை வந்தாள். ஒரு முழம்கூட இருக்கமாட்டாள். "வயித்துல இருந்த பட்டனை எடுத்துட்டாங்கண்ணே. இனி அவ உடம்பே பாத்துக்குமாம்," என்றார் தபால்காரர், வண்டியை எடுத்தபடி.

புறங்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்படியானால் இவளுக்குள்ளும் ஒரு சென்சார் இருக்கிறது; அதை எங்கே, எந்த அளவில், யார் வைத்தது என்று நினைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, காற்று வாயிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் அக்கா அவர் தோளைத் தட்டினார்.

"சூடாகி அரைமணி ஆச்சுங்க. கையை எடுத்தா எங்களுக்கும் கொஞ்சம் வரும்."