சைக்ளோன் சொன்ன வாத்தியார்

என்னை முதலில் அவமானப்படுத்தியவர் இங்கிலீஷ் வாத்தியார் வரதராஜன். தெருவில் பாவு விரிக்கிறவன் வானத்துக்குப் பயப்பட்டால் போதும். அவரால் நாங்கள் ரேடியோவுக்கும் பயந்தோம். படித்தவரிடம் நாலு பேர் நடுவில் பேச்சு வாங்கியவர்களுக்கு என் வலி புரியும்.

கைநாட்டு

அறுபதுகளில் ஒரு ஐப்பசி விடியற்காலை. பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். அதுதான் பாவு. நனைந்தால் தொலைந்தது. நான் ஓர் இழையைக் காதருகே பிடித்துச் சுண்டினேன். மழைக்கு முன்னால் பட்டு கணீரென்று பேசாது, மொத்தென்று இருக்கும். "இன்னைக்கு வேணாம்பா" என்றேன்.

தெருவிலேயே ரேடியோ இருந்த வீடு வாத்தியாருடையதுதான். வெளியே வந்தார். "சைக்ளோன் மசூலிப்பட்டணம் போயாச்சு. கைநாட்டு பேச்சைக் கேட்டுக்கினு நிக்கிறீங்களே, விரிங்கப்பா!" விரித்தார்கள். ஒன்பது மணிக்குக் கொட்டியது. என் கூட்டாளி ஏகாம்பரத்தின் பாவு முழுக்க ஒட்டிச் சிக்காகிவிட்டது. குடை பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் என்னைக் கேட்டார்: "காலையிலயே அழுத்திச் சொல்றதுக்கு என்னப்பா உனக்கு?"

பூர்வீகம்

மனசு ஆறவில்லை. அந்த 'சைக்ளோன்' என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவரிடமே போய்க் கேட்டேன். "கிரேக்க பாஷையிலேர்ந்து எடுத்ததுப்பா. வட்டம், பாம்பு சுருட்டிக்கினு கிடக்கிற மாதிரி. கல்கத்தாவுல இருந்த ஒரு வெள்ளைக்காரன் புயலுக்கு வெச்ச பேரு" என்று மணலில் விரலால் சுழித்துக் காட்டினார். அழகாகச் சொன்னார், ஒத்துக்கொள்கிறேன். இவரிடம் ரெண்டு வருஷம் படித்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

"சுத்திக்கினு வர்றதுன்னு தெரிஞ்சே, போயாச்சுன்னு எப்படி சார் சொன்னீங்க?" என்றேன்.

மணலைக் காலால் அழித்தார். "உனக்கு அர்த்தம் சொன்னதே தப்பு."

கல்யாணப் பட்டு

எழுபதுகளில் அவர் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவைக்குப் பாவு என் பொறுப்பு. மழை இல்லை என்றது ரேடியோ. வாத்தியார் எங்களுக்கு முன்பே தெருவில் நின்றார். "சுண்டிப் பாருப்பா" என்றார்.

மொத்தென்றது. 'விரிக்கலாம்' என்று ஒரு சொல் சொன்னால் பழி தீர்ந்திருக்கும். பட்டு என்ன பாவம் செய்தது? சுருட்டி உள்ளே வைத்தோம். ஒரு மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் ஓடியது. வாத்தியார், ஏகாம்பரம், நான், மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போதாவது 'அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி' என்பார் என்று காத்திருந்தேன்.

வாத்தியார் ஏகாம்பரத்திடம் திரும்பிச் சொன்னார்: "நல்லவேளை, நான் ரேடியோவை நம்பல."

வாத்தியாருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, எத்தனையோ சைக்ளோன் சுற்றிச் சுற்றி வந்து போய்விட்டது, எனக்கு வர வேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் கரை சேரவில்லை.