மழைக்கு ஆகாத டயர்

ரகுநாதன் வாங்கிய கார் அவர் வீட்டுக்கு ஓடி வரவில்லை. இழுவை வண்டியின் முதுகில் ஏறி வந்தது.

1993 மே மாதம். பிரெஞ்சு பேசும் பெருநகரத்தின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர்கள் தெருவில் எல்லார் வாசலிலும் குடும்பத்தோடு போய்வரும் கார்கள்தான் நிற்கும். வந்து இறங்கியதோ சிவப்பு நிற மாஸ்டா மியாட்டா. இரண்டு பேர் உட்காரலாம். கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். டயர்கள் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. விற்றவர் பெயர் பற்றிக். அலுவலகத்தில் ரகுநாதனுக்கு அடுத்த மேஜைக்காரர். பற்றிக்குக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டன. நான்கு பேர் அந்தக் காரில் போக முடியாது.

ரகுநாதனுக்கு அப்போது ஐம்பது வயது. கோயம்புத்தூரிலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளர். ஒரு பாகம் எவ்வளவு சுமையில் உடையும் என்று கணக்கிடுவது வேலை. அது எதற்கான பாகம், எந்தக் குளிரில், எத்தனை காலம் உழைக்கவேண்டும் என்று தெரிந்தால்தான் கணக்கையே தொடங்க முடியும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகள் அம்ருதா வாட்டர்லூவுக்குப் படிக்கப் போகும்போது பெட்டி வாங்கித் தரச் சொன்னாள். வருடத்தில் எத்தனை தடவை வீட்டுக்கு வருவாய் என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் துணிகளைக் குப்பைப் பைகளில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் மனைவி அனுசூயா கேட்டார்: "இது எதுக்குங்க?"

"பிடிச்சிருந்தது" என்றார் ரகுநாதன்.

எந்தப் பொருளைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி அனுசூயா கேட்டதில்லை. அதனால் மேலே எதுவும் கேட்காமல் உள்ளே போனார்.

சனிக்கிழமைகளில் இருவரும் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் வாரத்துக்கான காய்கறி வாங்குவார்கள். அந்த வாரம் அங்கிருந்து செயின்ட்-மிஷேலில் ஒரு டயர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் செபமாலை, யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். காரின் பெயரைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஐயா, இதுக்கு ரெண்டு விதமா ரயர் இருக்கு. ஒண்டு றோட்டுக்கு. மற்றது ரேஸ் ஓடுற இடத்துக்கு. றோட்டு ரயர் மழையிலை நிக்கும், கனகாலம் உழைக்கும். ஆனா ரேஸ் ஓடினா சூட்டிலை பிய்ஞ்சு போகும். மற்றது நல்லா ஒட்டும். ஆனா அதுக்குச் சூடேற வேணும். குளிரிலையும் மழையிலையும் வழுக்கும். கெதியா தேஞ்சும் போயிடும்."

"ரேஸ் டயரை ரோட்டுல ஓட்டக் கூடாதா?"

"ஓட்டலாம். சட்டத்திலை பிழையில்லை. மழை வந்தா வீட்டிலை இருக்க வேணும், அவ்வளவுதான்."

"ரெண்டுல எது நல்லது?"

"நீங்கள் எங்கை ஓடப் போறியள்?"

ரகுநாதன் தெருவைப் பார்த்தார். "அதைத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார்.

"அப்ப யோசிச்சிட்டுப் பேந்து வாங்கோவன்."

பிறகு என்று செபமாலை சொன்னது அடுத்த சனிக்கிழமையை. ரகுநாதன் அந்தக் கோடை முழுவதும் யோசித்தார். அதற்கடுத்த கோடையும் போனது.

கார் கராஜில் நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது. கழற்றிய சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருந்தன. கராஜில் ஒரு காருக்குத்தான் இடம். அது அதுவரை அனுசூயாவின் கொரோலா நின்ற இடம். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை, விடியும் முன்பே கிளம்பவேண்டும். இப்போது கொரோலா வாசலில் பனிக்குள் நின்றது. அனுசூயா தினமும் காலையில் அதைத் தோண்டி எடுத்தார்.

ரகுநாதன் சும்மா இருக்கவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் டயரைப் பற்றிக் கேட்டார். கல்யாணங்களிலும் கேட்டார். தீபாவளிக்குச் சாப்பிட வந்த பல் டாக்டர் ஜெயராம், "ரெண்டு செட்டும் வாங்கிடேன் ரகு" என்றார்.

"வாங்கினா ஒவ்வொரு தடவையும் எதை மாட்டறதுன்னு முடிவு பண்ணணுமே."

ஜெயராம் பாயசத்தைக் குடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுசூயா அரிசி எடுக்கக் கராஜுக்குப் போனார். தாங்கிகளின் மேல் நின்ற காருக்குள் ரகுநாதன் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுசூயா சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அன்றைக்குச் சப்பாத்தி செய்தார்.

1995 ஜனவரியில் மழை பெய்து பெய்தபடியே உறைந்தது. கொரோலாவின் கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டும்போது அனுசூயா வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. ரகுநாதன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். ரகுநாதன் மன்னிப்புக் கேட்கவில்லை. ரசம் வைத்தார். கட்டு இருந்த காலம் முழுவதும் அவர்தான் சமைத்தார், அவர்தான் கொரோலாவைச் சுரண்டினார், அவர்தான் அனுசூயாவை வேலைக்குக் கொண்டுபோய் விட்டார்.

கட்டைப் பிரித்த வாரம் அனுசூயா கேட்டார்: "டயர் விஷயம் என்னாச்சு?"

"இன்னும் ரெண்டு மூணு விஷயம் தெளிவாகணும்."

அனுசூயா தலையை ஆட்டினார். ஏப்ரலில் ஒரு நாள், ரகுநாதன் வேலைக்குப் போயிருந்தபோது, நான்கு சக்கரங்களையும் உருட்டிப்போய்க் கொரோலாவில் ஏற்றினார். டிக்கியில் கொஞ்சம், பின் இருக்கையில் கொஞ்சம். கடைசிச் சக்கரத்தை முன் இருக்கையில் வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டார். செயின்ட்-மிஷேலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

செபமாலைக்கு அவரை ஞாபகம் இருந்தது. "எந்த ரயர் அக்கா?"

"எது இருக்கு?"

"இந்த அளவிலை இப்ப ரேஸ் ரயர்தான் கிடக்கு. ஒருத்தன் ஓடர் குடுத்திட்டு அல்பேட்டாவுக்குப் போயிட்டான். றோட்டு ரயர் எண்டா எடுப்பிக்க வேணும், நாள் செல்லும்."

"இருக்கறதைப் போடுங்க."

"ஐயாவோடை கதைச்சனீங்களோ?"

"ரெண்டு வருஷமா அதைத்தானே பேசறோம்."

"அக்கா, இது மழைக்கு ஆகாது. நான் சொல்லேல்லை எண்டு பேந்து சொல்லக் கூடாது."

"இப்ப இருக்கறது வெயிலுக்கும் ஆகலையே" என்றார் அனுசூயா.

சக்கரங்களை மாட்ட ஞாயிற்றுக்கிழமை செபமாலையே தன் வேனில் வந்தார். கூட மனைவி றோசாவும் வந்தார். டொலார்ட் பக்கத்து வீடுகளைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. அனுசூயா அவரை மாடிக்குக் கூட்டிப்போய் அலமாரிகளைக்கூடத் திறந்து காட்டினார். ரகுநாதன் கையில் இலை வாரும் குச்சியோடு கராஜ் வாசலில் நின்றார்.

"எதைப் போடறீங்க?"

"ரேஸ் ரயர், ஐயா."

தனக்குக் கோபம் வரும் என்று ரகுநாதன் எதிர்பார்த்தார். சற்று நேரம் நின்று பார்த்தார். பசிதான் வந்தது. உள்ளே போய், றோசாவுக்காகச் சுட்டு வைத்திருந்த வடைகளில் பாதியைச் சாப்பிட்டார்.

மே மாதத்தில் வெயிலடித்த ஒரு மாலை இருவரும் கூரையை மடித்துவிட்டுக் கிளம்பினார்கள். எங்கே என்று முடிவு செய்யவில்லை. தெருக்களைச் சுற்றிவிட்டு நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ரகுநாதன் வேகமாக ஓட்டவில்லை. அவர் எப்போதுமே வேகமாக ஓட்டியதில்லை. இருந்தாலும் காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்த ஆரம்பித்தது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்துப் புல்வெளியில் ஏறி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. யார்மீதும் இடிக்கவில்லை. மழை இருவர் மடியிலும் பெய்தது.

"திரும்பிட்டோம்" என்றார் ரகுநாதன்.

"பார்த்தேன்" என்றார் அனுசூயா. அவர் கை கதவின் பிடியைவிட்டு வர நேரமாயிற்று.

கூரையை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தபோது போலீஸ் கார் வந்து நின்றது. இளம் அதிகாரி குனிந்து, எங்கே போகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். ரகுநாதன் உண்மையையே சொன்னார், தெரியவில்லை என்று. வீட்டுக்கு என்று அனுசூயா சொன்னார். அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு டயரைக் குனிந்து பார்த்துக் கையால் தடவினார்.

"இது பந்தயத் தடத்து டயர், மிஸ்யூ" என்றார். "அங்கே கொண்டுபோய் ஓட்டுங்கள்."

"மெர்சி" என்று நன்றி சொன்னார் ரகுநாதன்.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு சட்டத்தையும் மீறியதில்லை. பார்க்கிங் அபராதம்கூடக் கட்டியதில்லை. போலீஸ் சொன்னதை அவர் அறிவுரையாக எடுத்துக்கொள்ளவில்லை, உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை அலுவலகத்தில் பற்றிக்கிடம், பந்தயத் தடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

வடக்கே மலைப்பக்கம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு கார் கழகம் கோடையில் சாதாரண ஆட்களையும் ஓட்டவிடும். ஜூனில் வானம் தெளிவாக இருந்த ஒரு சனிக்கிழமை ரகுநாதன் கடன் வாங்கிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பயிற்சியாளர் உட்கார, தடத்துக்குள் போனார். அனுசூயா புல்தரையில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

எல்லாரும் ரகுநாதனை முந்திப் போனார்கள். அவர் காரைவிடப் பழைய கார்கள் முந்தின. ஒரு கார் இரண்டு தடவை முந்தியது. ஆனால் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது.

"எப்படி இருந்தது?"

"எல்லாரும் ஒரே பக்கமாப் போறாங்க, அனு. எந்த எக்ஸிட்டுல இறங்கறதுன்னு யோசிக்கவே வேண்டாம்."

"வேகமாப் போனீங்களா?"

"இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். அடுத்த சுற்றுக்குப் போகும் வரிசையில் முதலில் போய் நின்றார்.

அனுசூயாவும் பயிற்சியாளரோடு ஒரு சுற்றுப் போய்வந்தார். "ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைப் பயிற்சியாளருக்கும் கொடுத்துவிட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினார்.

அந்த டயரோடு வானத்தை நம்பி அவ்வளவு தூரம் போய்வர முடியாது. பற்றிக்கின் அப்பாவுக்குத் தடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய மாட்டுக்கொட்டகை இருந்தது, மாடுகள் இல்லை. கார் அங்கேயே தங்கிவிட்டது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரகுநாதன் வேலைக்குப் போய்வரும் தன் பழைய வண்டியில் போய் அதை ஓட்டிவிட்டு வருவார். டயர் தேய்ந்தால் செபமாலைக்கு போன் செய்வார். அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

அந்த நவம்பரில் முதல் பனி விழுந்த காலை, அனுசூயா மறுபடி கராஜுக்குள் வந்துவிட்ட கொரோலாவை எடுக்கும் முன் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் மிச்சமிருந்தது. அதை என்ன செய்வதென்று உடனே தெரியவில்லை. இன்னொரு காபி போட்டு, நின்றபடியே முழுவதும் குடித்தார்.

1998 கோடையில் கழகத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. புதிதாக வருகிறவர்கள் முதல் சுற்றிலேயே ஆசைப்பட்டு ஓட்டி, வளைவில் புல்லுக்குள் போய் விழுந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போக ஒருவர் வேண்டும், அவரை முந்தக் கூடாது என்று முடிவாயிற்று. தடத்தின் ஒவ்வொரு வளைவும் தெரிந்திருக்கவேண்டும், வேகத்தில் ஆசை இருக்கக் கூடாது. கழகத்தில் அப்படி ஒரே ஆள்தான். கேட்டதும் ரகுநாதன் சரி என்றார். அனுசூயா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

முதல் நாள் அம்ருதாவும் வந்திருந்தாள். சிவப்பு மியாட்டா முன்னால் போனது. பின்னால் விலையுயர்ந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக, உறுமிக்கொண்டு, அடங்கி வந்தன.

"அப்பா ஏன் இவ்வளவு மெதுவாப் போறார்?" என்றாள் அம்ருதா.

"இல்லடி. இன்னைக்குக் கொஞ்சம் வேகமாத்தான் போறார்" என்றார் அனுசூயா.

அம்ருதா படம் எடுத்தாள். கழுவி வந்த படத்தில் ரகுநாதன் முகம் தெரியவில்லை, ஹெல்மெட்தான் தெரிந்தது. அதற்குள் அவர் சிரித்துக்கொண்டிருப்பதாக அனுசூயா சொன்னார். படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.