உப்புக் கிராமத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்

சுவிஸ் நாட்டில், பாசல் நகரில் ட்ராம் ஓட்டுகிறவன் நான். கோபம் வந்தால் எங்களால் யாரையும் திட்ட முடியாது, மணி ஒன்றுதான் இருக்கிறது. போன மாரிகாலத்தில் ஒரு கிழமை முழுவதும் சைக்கிள்காரருக்கும் தபால் வானுக்கும் புறாவுக்கும் மணியடித்துக்கொண்டே திரிந்தேன். காரணம், எழுநூறு எண்ணூறு வருடங்களுக்கு முன் யப்பானில் நடந்த ஒரு கொலை. அதைக் கற்பனை செய்து எழுதியவனும் நானேதான்.

துப்பறியும் கதைப் பைத்தியம் எனக்கு மனைவியிடமிருந்து தொற்றியது. மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பகுதியில் அவளுக்கு வேலை. டொச்சு மொழியையே, அதாவது ஜெர்மனையே, அவள் நூலகத்துக் கொலைக் கதைகளில்தான் படித்தாள். அதிலும் பழைய யப்பானில், வாள்வீரர்களும் மடங்களும் இருந்த காலத்தில் நடக்கும் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைச் சொல்லிவிடுவாள். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"சாட்சி என்ன சொல்லுதெண்டு பாக்காதையுங்கோ. சொல்லுற நேரம் பக்கத்திலை ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ" என்றாள்.

ஒருவகைக் கதையை மட்டும் அவள் முடிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு ஏழைப் பெண் முதலில் மழை பெய்தது என்பாள், பிறகு பனிமூட்டம் என்பாள், துப்பறிகிறவர் மீசையைத் தடவிக்கொண்டு "அகப்பட்டாய்" என்பார். அந்த இடம் வந்தால் புத்தகம் மூடப்படும். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவள் இலங்கையிலிருந்து இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது இரண்டு முறை விசாரித்தார்கள். ஊரில் அண்ணனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டுபோக எத்தனை பேர் வந்தார்கள் என்று முதல் விசாரணையில் கேட்டபோது, மூன்று பேர் என்றாள். சில மாதங்கள் கழித்து நடந்த இரண்டாவது விசாரணையில் நான்கு பேர் என்றாள். முரண்பாடு, நம்பமுடியாது என்று விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். போருக்குள் திருப்பி அனுப்ப முடியாததால் தற்காலிகமாக இருக்க விட்டார்கள். அந்த விசாவோடு நாட்டை விட்டு வெளியே போய்வர முடியாது. அந்தக் காலத்தில்தான் ஊரில் அவளுடைய தாய் இறந்தார். செத்தவீட்டை வீடியோவில்தான் பார்த்தாள்.

வந்தது நான்கு பேர்தான். மூன்று பேர் இராணுவச் சீருடையில். நான்காவது ஆள் தலையாட்டி. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாது: தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை, யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரை ஏற்றிக்கொண்டு போவார்கள். அவனுடைய கால்களைப் பார்த்ததும் அவளுக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். அடித்து உடைத்துத்தான் அவனைக் கொண்டுவந்திருந்தார்கள். அடி வாங்கியதை நடையே சொன்னதாம்.

முதல் விசாரணையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் எங்கள் ஆள். தொடங்குமுன், "தங்கச்சி எவடம்?" என்று அன்பாக ஊரைக் கேட்டாராம். அவரும் பக்கத்து ஊர்க்காரர். அவ்வளவுதான், அவள் வாய் அடைத்துவிட்டது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் தலையாட்டி என்று வாய் திறந்தால் அடுத்த கேள்வி, ஆளைத் தெரியுமா என்பது. அவருக்கு முன்னால் அதற்குப் பதில் சொன்னால் அது ஊருக்குப் போகும். காட்டிக்கொடுத்தவன் வீட்டாரை அந்த நாட்களில் எப்படிப் பழிவாங்கினார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவனுடைய தாய் தனியே இருந்தார். அதனால் நான்காவது ஆளை விழுங்கிவிட்டு மூன்று என்றாள். இரண்டாவது முறை மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்கார அம்மா, ஊர்த் தொடர்பு இல்லாதவர். நான்கு என்றாள். ஏன் முதலில் மூன்று என்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் வட்டார மண்டபத்தில் சரித்திரத் துப்பறியும் கதை எழுத மாலை வகுப்பு நடக்கப்போகிறது என்ற துண்டுப்பிரசுரத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியவள் அவள்தான். தமிழில் சிற்றிதழ்களில் நான் எப்போதாவது கதை எழுதுவதுண்டு.

"போய் எழுதுங்கோ. என்ரை கதையை எழுதுங்கோ" என்றாள்.

நான் திகைத்துப்போனேன்.

"ஊரிலை வைச்சு எழுதாதையுங்கோ. இங்கை திரிம்பாக்கிலை இருக்கிற எங்கடை கோயில்லை சாப்பாட்டு வரிசை முடியமுந்தி ஆரின்ரை வீடு எண்டு பிடிச்சிடுவினம். யப்பானிலை வையுங்கோ. அங்கை எங்கடை ஆக்கள் இல்லை. டொச்சிலை எழுதுங்கோ. இந்த நாட்டுச் சனம் ஒருக்காவாவது கடைசி மட்டும் கேக்கட்டும்."

அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். யாராவது கடைசிவரை கேட்பது.

கடலோரத்தில் உப்புக் காய்ச்சும் ஒரு கிராமத்தில் கதையை வைத்தேன். விடியற்புறம் குதிரையில் ஆட்கள் வந்து ஒரு உப்புத் தொழிலாளியைக் கொண்டுபோகிறார்கள், அடுத்த நாள் அவன் பிணமாக ஒதுங்குகிறான். தலைநகரிலிருந்து விசாரிக்க ஒரு சின்ன அதிகாரி வருகிறார். கரையோரப் பேச்சு அவருக்கு விளங்காது. முதல் விசாரணையில் ஊர்த்தலைவர் பக்கத்தில் அமர்ந்து, இறந்தவனின் தங்கை சொல்வதை அதிகாரிக்கு விளங்கப்படுத்துகிறார். மூன்று பேர் வந்தார்கள் என்கிறாள். இரண்டாவது விசாரணையில் அந்த வேலையை ஊர் ஊராய்த் திரியும் ஒரு பிக்குணி செய்கிறார். நான்கு பேர் என்கிறாள். நான்காமவன் முகத்தை மூடி வைக்கோல் தொப்பி. ஊர்த்தலைவரோ இரண்டு முறையும் சொல்லுக்குச் சொல் ஒரே கதையைச் சொல்கிறார். துப்பு முழுவதும் வாசகர் கண் முன்னே கிடக்கிறது. நான் எதையும் ஒளிக்கவில்லை.

முதல் வகுப்பிலேயே ஆசிரியை கேட்டார்: "உங்களுக்கென்று ஒரு வளமான கதை இருக்குமே, ஏன் யப்பான்?" எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா உரோமானியப் படைவீரனைப் பற்றி எழுதினார். நீங்கள் உரோமரா என்று அவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு தொப்பி. வகுப்பில் ஒருவர், முகத்தை மூடும் அந்தத் தொப்பி யப்பானில் பிந்திய நூற்றாண்டுகளில்தான் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டார். ஒரு மாலை முழுவதும் தொப்பியைப் பற்றியே கதைத்தார்கள். ஒரு மனிதன் பிணமாகக் கிடக்கிறான், அவனுடைய தங்கை பயத்தில் நடுங்குகிறாள், இவர்களுக்குத் தொப்பியின் வயது வேண்டும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அன்றைய வகுப்பு அப்படித்தான் முடிந்தது.

அந்த வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. கடைசிப் பக்கத்துக்கு முன் வாசிப்பதை நிறுத்தவேண்டும், மற்றவர்கள் குற்றவாளி யார் என்று கை உயர்த்தவேண்டும். என் கதைக்கு எல்லாக் கைகளும் தங்கைக்கே உயர்ந்தன. ஊர்த்தலைவர் ஏன் இல்லை என்று கேட்டேன். அவர் பேச்சு மாறவில்லையே என்றார்கள். பாடமாக்கி வைத்திருப்பவனின் பேச்சு எப்படி மாறும்?

வகுப்பில் நெட்டையான ஒரு ஓய்வுபெற்ற மனிதர் இருந்தார். எல்லோருக்கும் தன் கையால் வோல்நட் கேக் செய்து கொண்டுவருவார். எனக்குப் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டித் தருவார். அன்று அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அவள்தான். என் வேலையில் எண்ணிக்கை மாறினால் அது எங்களுக்குக் கிடைத்த பரிசு."

என்ன வேலை என்று கேட்டேன்.

"அகதிகளின் விசாரணை. நீண்ட காலம் செய்தேன்."

கேக் என் வாய்க்குள் இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அவர் கெட்டவராக, முரட்டுக் குரலில் கதைக்கிறவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வகுப்பு முடிய ஆசிரியை என்னை மறித்து, இறுதி வாசிப்பு நிகழ்ச்சிக்கு முன் ஒன்றைச் செய்யச் சொன்னார். தங்கையைக் குற்றவாளி ஆக்கவேண்டும், இல்லாவிட்டால் அவள் பேச்சில் இருக்கும் முரண்பாட்டை எடுத்துவிடவேண்டும், இப்படியே விட்டால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார்கள் என்றார். வாசகர்!

வீட்டுக்கு வந்து கத்தினேன். யப்பானையும் திட்டினேன், உரோமாபுரியையும் திட்டினேன். இந்தச் சனத்துக்குக் கதை எழுதுவது செவிடன் காதில் ஊதிய சங்கு என்று தாள்களைக் கிழிக்கப் போனேன். அவள் கையைப் பிடித்தாள். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லி, உன்னை விசாரித்தவர் அவரா என்று கேட்டேன்.

"இல்லை. என்னைக் கேட்டது ஒரு பொம்பிளை" என்றாள். பிறகு, "ஒரு சொல்லும் மாத்தாதையுங்கோ. நான் வாறன்" என்றாள்.

நிகழ்ச்சிக்கு வேலையிலிருந்து நேரே வந்து மூன்றாவது வரிசையில் இருந்தாள். எழுதியவர்களின் குடும்பங்கள், அயலவர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் இரண்டு விசாரணைகளையும் வாசித்து முடித்ததும் ஆசிரியை எழுந்து விளையாட்டைத் தொடக்கினார். "தங்கைதான் என்று நினைப்பவர்கள்?"

கைகள் உயர்ந்தன. முன்வரிசையில் அந்த நெட்டை மனிதரின் கையும் உயர்ந்தது. சிலர் சிரித்தபடி இரண்டு கையையும் தூக்கினார்கள். என் மனைவி இருந்த இடத்திலேயே திரும்பிப் பின்னால் பார்த்தாள். ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். ட்ராமில் தவறான தரிப்பிடத்தில் இறங்கியவர்கள் சுற்றிப் பார்ப்பார்களே, அப்படி. அந்தப் பார்வைக்காக நான் அந்த மண்டபத்தையே மன்னிக்கமாட்டேன்.

கடைசிப் பக்கத்தை வாசித்தேன். அதிகாரி அந்தப் பெண்ணிடம் எத்தனை பேர் என்று மூன்றாம் முறை கேட்கவில்லை. "நீ முதல்முறை சொல்லும்போது உனக்குப் பக்கத்தில் யார் இருந்தது?" என்று கேட்கிறார். அவள் அழத் தொடங்குகிறாள். குதிரைக்காரர்களை வரவழைத்தவர் ஊர்த்தலைவர். தொப்பிக்குள் இருந்தவன் உள்ளூர்ப் பொடியன், பாதத்தில் உப்புத் தொழிலாளருக்கு வரும் வெடிப்பு இருந்தது. அவன் யார் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. அதிகாரியும் வற்புறுத்தவில்லை.

வாசித்து முடித்துத் தாள்களை மடித்தேன். பிறகு கைதட்டினார்கள். சற்று முன் உயர்ந்திருந்த அதே கைகள்.

பின்னர் வைனும் சீஸும் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நெட்டை மனிதர் என்னிடம் வந்தார். "அருமையான முடிவு. ஆனால் நடைமுறைக்குப் பொருந்தாது. உண்மையான விசாரணையில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது" என்றார்.

நேரம்! என் கையில் கிளாஸ் இருந்தது. அதை நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதற்குள் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். பாசல்காரரின் பேச்சிலேயே, அமைதியாகச் சொன்னாள்:

"நான் மூன்று பேர் என்று சொன்னேன். பிறகு நான்கு பேர் என்று சொன்னேன்."

அவர் முட்டாள் அல்ல. விளங்கிவிட்டது. கிளாஸை மேசையில் வைத்தார். அவர் குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்: "முதல்முறை... உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தது?"

சொல்லு, சொல்லு என்று என் மனம் அடித்துக்கொண்டது. இதற்குத்தானே இவ்வளவும். அவள் கோட்டைப் போட்டு, கழுத்துவரை பொத்தானைப் பூட்டினாள்.

"மன்னியுங்கள்" என்றாள். "எனக்கு இப்போது நேரமில்லை."

ட்ராமில் ஜன்னல் பக்கம் இருந்தாள். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஏன் சொல்லவில்லை, அவர் கேட்டாரே என்று அவளிடமே எரிந்து விழுந்தேன். இரண்டு தரிப்பிடம் கழிந்த பிறகு கேட்டாள்:

"அந்தத் தொப்பியை மாத்தப்போறியளோ?"

"ஓம், மாத்தத்தான் வேணும். அந்தக் காலத்திலை அப்பிடித் தொப்பி இல்லையாம்."

"அது இருக்கட்டும். எடுக்காதையுங்கோ."

இப்போது நான் எழுதும் இதையும் அவள் வாசித்துப் பார்த்துவிட்டாள். அந்தத் தலையாட்டியின் கால்களில் எதைக் கண்டு ஆளை அறிந்தாள் என்று ஒரு வசனம் எழுதியிருந்தேன். யப்பானில் வைக்காமல், ஊர்க்காரரும் வாசிக்கும் தமிழில் எழுதுகிறேன் அல்லவா, அதைப் பேனையால் வெட்டிவிட்டாள். இவ்வளவு காலம் போனபிறகும் ஏனப்பா என்று கேட்டேன்.

"அவன்ரை தாய் இன்னும் இருக்கிறா" என்றாள்.