நட்டு குடித்த தண்ணீர்

கட்டடம் கட்டுகிற இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டவர் கிரேன் ஓட்டுகிறவர், எல்லோர் தலைக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறவர் என்பதால் 'மேலிடம்' என்று வைத்துவிட்டார்கள். "மேலிடம் என்ன சொல்லுது?", "மேலிடத்து உத்தரவு வந்தாத்தான் ஒரு கம்பி நகரும்" என்று நாள் முழுக்க வாக்கி டாக்கியில் கேலி ஓடும். கேலியில் முதல் ஆள், கீழே நின்று அவருக்கு வழி சொல்லும் சிக்னல்காரர். இருவருக்கும் ஒரே வயது. சேர்ந்து வேலை பார்த்தே பாதித் தலை நரைத்துவிட்டது.

மேலே உட்கார்ந்திருப்பது ராஜ வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் லீவர், சுற்றிலும் கண்ணாடி, அவ்வளவுதான் கேபின். காலையில் ஏணி ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறக்கம். நடுவில் ஒன்றுக்கு வந்தால்? அவர் இறங்கினால் கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எதற்கு வம்பு என்று மேலிடம் ஒரு வழி கண்டுபிடித்தார். தண்ணீரே குடிப்பதில்லை! வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் வெந்துகொண்டு, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, ஒரு மிடறு கூட உள்ளே விட மாட்டார். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சிறுநீரகத்தில் கல். வலியில் தரையில் உருண்டவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். டாக்டர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "தண்ணி குடிக்காதவனுக்குத்தான்யா கிட்னி கெடும். ஒழுங்கா குடிக்கிறவனுக்கு ஏன் கெடப்போகுது?"

இந்த வார்த்தையை மேலிடம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். கடைப்பிடித்தாரா என்று கேட்காதீர்கள். அதைக் கடைப்பிடிக்க வைக்க ஒரு பூனைக்குட்டி வர வேண்டியிருந்தது.

ஸ்டோர் அறையில், நட்டு போல்ட்டு வந்த காலி மரப்பெட்டிக்குள் அது கத்திக்கொண்டு கிடந்தது. சாம்பல் நிறம். காது மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரியது. தாய்ப்பூனை வருமா என்று இரண்டு நாள் பார்த்தார்கள், வரவில்லை. மேலிடம் அதை ஹெல்மெட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். பெட்டியில் கிடைத்ததால் பெயர் நட்டு.

"பூனைக்கு நட்டா? உங்களுக்குத்தான் நட்டு கழண்டிருக்கு" என்றார் மனைவி. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். வந்தவர்களின் முகத்தை நாளெல்லாம் பார்த்துப் பழகியதால், யாரிடம் எதைச் சொன்னால் எடுபடும் என்பது அத்துப்படி. "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இது இருக்கணும்" என்று அன்று சட்டம் பேசினார். அடுத்த வாரமே நட்டு அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "சோறு வேணும்னா நீங்களே போட்டுக்குங்க, பிள்ளை தூங்குது" என்றார். கதை முடிந்தது!

நட்டு தண்ணீர் குடிக்கும் பாருங்கள், அப்படி ஒரு குடி! கிண்ணத்தின் முன் குந்தி உட்கார்ந்தால் சளக் சளக்கென்று சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். குழாய் திறந்தால் ஓடிவரும். மேலிடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சமையலறையில் ஒரு கிண்ணம், கட்டிலடியில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று என்று வீடு முழுக்க வைத்தார். "இது ஒண்ணுக்குப் போற மணலை மாத்தி மாத்தி எனக்கு இடுப்பு ஒடியுது. எப்பப் பாத்தாலும் ஈரம்" என்று மனைவி அலுத்துக்கொண்டால், "குடிச்சா போகத்தானே செய்யும்? அவளுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமப் போச்சே" என்பார்.

பூனையைப் பார்த்து அவருக்கே ரோஷம் வந்துவிட்டது. பெரிய பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏணி ஏறத் தொடங்கினார். சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு, முற்பகலில் ஒருமுறை இறங்கி வருவதற்கு அனுமதி வாங்கினார். விஷயம் தெரிந்த சிக்னல்காரர் விடுவாரா? தினமும் அந்த நேரத்துக்கு வாக்கி டாக்கி கரகரக்கும். "மேலிடம், தண்ணி குடிச்சியா? நட்டு கேக்கச் சொல்லுச்சு." மேலிடமும் சிரித்துக்கொண்டே, "குடிச்சாச்சுன்னு சொல்லு" என்பார். அதற்குப் பிறகு அவருக்குக் கல் வரவே இல்லை.

அவருடைய தொழிலில் ஒரு விதி உண்டு. சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். தூக்கு, இறக்கு என்று சொல்ல சிக்னல்காரருக்கு மட்டும்தான் உரிமை. ஆனால் 'நிறுத்து' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கூட்டிப் பெருக்குகிறவர் சொன்னாலும் ஓட்டுகிறவர் கையை எடுத்துவிட வேண்டும். ஏன் எதற்கு என்பதெல்லாம் அப்புறம். ஒருமுறை பெயின்டர் ஒருவர் கூட்டாளியின் பாட்டைத் தாங்க முடியாமல் "நிறுத்துடா" என்று கத்தியது வாக்கி டாக்கியில் விழுந்து, மேலிடம் கம்பிக்கட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

நட்டுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை, சாப்பாடு குறைந்தது. மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ரோமம் மினுமினுப்பு போய்ச் சிலும்பியது. வாயருகே முகம் கொண்டுபோனால் ஒரு நாற்றம். தண்ணீர் மட்டும் முன்னைவிட அதிகம். "தண்ணி குடிக்கிறாளே, ஒண்ணும் இருக்காது" என்று மேலிடம் தள்ளிப்போட்டார். மனைவிதான் கூடைக்குள் பூனையை வைத்துக்கொண்டு, "வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?" என்று கிளம்பினார்.

கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்தார், ஸ்கேன் பார்த்தார். பிறகு கேட்டார். "தண்ணி எப்படிக் குடிக்குது?"

"அதுல ஒரு குறையும் இல்ல டாக்டர்!" மேலிடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சின்னதுலேருந்தே நல்லா குடிப்பா. வீட்டுல நாலு இடத்துல வச்சிருக்கேன். இவளைப் பாத்துத்தான் நானே குடிக்கக் கத்துக்கிட்டேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்கேன் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"சார், கிட்னி வேலை செய்யாத பூனைதான் இப்படிக் குடிக்கும். உடம்புல தண்ணி நிக்காது. போய்க்கிட்டே இருக்கும், தாகமும் அடங்காது. இதுக்குப் பிறக்கும்போதே ரெண்டு கிட்னியும் சரியா வளரலை. சுருங்கிக் கிடக்கு."

"தண்ணி குடிக்காம இருந்தவன் நான் டாக்டர். கெட்டா எனக்குல்ல கெடணும்? இவளுக்கு எப்படி?"

மனைவி கேட்டார், "முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"கொஞ்சம் வசதியா வச்சிருந்திருக்கலாம்மா. சரிபண்ணியிருக்க முடியாது."

மேலிடத்தின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. வீடு வந்ததும் நான்கு கிண்ணங்களையும் பார்த்தபடி நடுவீட்டில் நின்றார். குழந்தை தாகத்தில் தவித்திருக்கிறது. அவர் அதைக் கைதட்டி ரசித்திருக்கிறார். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதார்.

மாத்திரை, தனிச் சாப்பாடு, தினமும் தோலுக்கடியில் சலைன். ஊசி போடுவது எப்படி என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். ஜன்னல் கம்பியில் சலைன் பையைத் தொங்கவிட்டு, மனைவி பூனையைப் பிடித்துக்கொள்ள, மேலிடம் பிடரித் தோலைத் தூக்கி ஊசியைச் செருக வேண்டும். டன் கணக்கில் இரும்பைப் பூப்போல இறக்கி வைக்கிற கை அது. இந்த ஊசியைச் செருக இரண்டு மூன்று தடவை தவறும். நட்டு கத்தும், பிறாண்டும். "மன்னிச்சுக்கோடா கண்ணு, மன்னிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே போடுவார்.

நடுவில் சில நாட்கள் நட்டு தெளிந்தது. தட்டை நக்கிக் காலி செய்தது. ஜன்னல் திண்டில் தாவி ஏறி உட்கார்ந்தது. மேலிடத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? இந்த டாக்டருங்க எல்லாரும் இப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்று மனைவியிடம் குதித்தார். மனைவி சிரிக்க முயன்றார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் முன்னைவிட மோசமாக இருந்தது.

"இனிமே இழுத்துக்கிட்டுப் போறதுல அதுக்குக் கஷ்டம்தான் சார். நீங்க சரின்னா வலியில்லாமத் தூங்க வச்சுடலாம்" என்றார் டாக்டரம்மா.

"கொல்றதுக்கா இதைத் தூக்கிட்டு வந்தேன்?" மேலிடம் விருட்டென்று கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஆட்டோவில் வழியெல்லாம் டாக்டரம்மாவைத் திட்டினார். மனைவி கூடையின் மேல் கைவைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது. சிக்னல்காரரிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாய்வரை வந்தது. எப்படிச் சொல்வது? நட்டு தண்ணி குடிச்சதே நோய்தான் என்று சொல்ல வேண்டும். தினமும் இரண்டு பேரும் சிரித்தது அதற்குத்தான் என்று சொல்ல வேண்டும். அதனால் முற்பகலில் அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது, அவரும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நட்டு சமையலறைக் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை. வாய்க்குள் புண். தாகம் இருந்தது, நாக்கை நீட்ட முடியவில்லை. மேலிடம் விரலில் தண்ணீர் தொட்டு உதட்டில் வைத்தார். தலையைத் திருப்பிக்கொண்டது.

தூக்கினார். கனத்தைக் கணக்குப் பார்ப்பது அவர் தொழில். கையில் கனமே இல்லை. ஜன்னலோரம் துணி விரித்துக் கிடத்தி, சலைன் பையைத் தொங்கவிட்டார். நேற்று ஏற்றியதே இன்னும் உடம்பில் இறங்காமல் முன்னங்காலருகே பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காதது போல, பிடரியில் ஊசி படாத இடம் தேடித் தோலைத் தூக்கினார்.

"நிறுத்துங்க."

மனைவி சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மேலிடத்தின் கை தானாக விலகியது. ஊசியைக் கீழே வைத்த பிறகுதான் ஏன் என்று கேட்கத் திரும்பினார்.

"ஊசியைப் பாத்தா கத்துவா. நேத்துகூடக் கத்தினா. இன்னிக்குக் கத்தக்கூட இல்ல பாருங்க."

அவர் பார்த்தார். நட்டு கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது. பிடிக்க வேண்டிய கைகளை மனைவி எப்போதோ எடுத்துவிட்டிருந்தார். அது ஓடவில்லை. மேலிடம் சலைன் பையை இறக்கினார். கூடையைக் கொண்டுவரச் சொன்னார், பிறகு வேண்டாம் என்று தன் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர்களை அதிகம் பேசவைக்கவில்லை. மேலிடம் கடைசிவரை நட்டுவின் முதுகில் கையை வைத்திருந்தார். முதுகின் ஏற்ற இறக்கம் நின்ற பிறகும் எடுக்கவில்லை. "முடிஞ்சுதுங்க" என்று டாக்டரம்மாதான் அந்தக் கையைப் பிடித்து நகர்த்தினார்.

மறுநாள் காலை மனைவி வழக்கம்போல பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வாசலருகே வைத்திருந்தார். மேலிடம் அதைப் பார்த்தார். அந்தக் குழந்தையின் நோயைப் பார்த்து, நாம் ஆரோக்கியத்தைக் கற்றுக்கொண்டோம் என்ற நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது. பாட்டிலை எடுக்காமல் கிளம்பிப் போனார்.

முற்பகலில் கம்பிக்கட்டு கொக்கியில் மாட்டியாகிவிட்டது. வெயில் கண்ணாடியில் அடித்தது. வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேலிடம், தண்ணி குடிச்சியா? நட்டு கேக்கச் சொல்லுச்சு."

மேலிடம் பொத்தானை அழுத்தினார், விட்டார். தொண்டை காய்ந்திருந்தது. மறுபடி அழுத்தினார்.

"குடிச்சாச்சுன்னு சொல்லு."

கீழே சிக்னல்காரர் சிரித்தார். "சரி, தூக்கு" என்றார். மேலிடம் தூக்கினார்.