பேர் கூப்பிடாத மலை

கரடியனாற்றுக் கண்ணகைக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். பொய்யில்லை. பிந்தி வந்த வண்டிக்காரன், அரிசியில் கல் கலந்த கடைக்காரன், முற்றத்தில் வெற்றிலை துப்பிய ஊரதிகாரி விதானை, எல்லாருமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் அந்த வாய் ஒரே ஒரு சொல்லை மட்டும் சொன்னதில்லை. புருஷனுடைய பேர்.

ஜப்பான் யுத்த காலத்தில் அரிசிக் கூப்பன் பதிய வந்த கிளாக்கர் புருஷனின் பேரைக் கேட்டதற்கு, அவள் சுவரில் இருந்த பிள்ளையார் படத்தைக் காட்டினாள்.

"அவர்ட பேர்தான்."

"பிள்ளையாரா?"

"அப்பிடி எழுதிப்போடாதீங்க. அவருக்கு இன்னொரு பெரிய பேர் இரிக்கில்ல? மூர்த்தி எண்டு முடியும். இது தெரியாம என்னத்துக்கு உங்களுக்குக் கிளாக்கர் வேல தந்த?"

கிளாக்கர் தெரிந்த பேரையெல்லாம் சொல்லிப் பார்த்து, கடைசியில் வினாயகமூர்த்தி என்று எழுதினார். வினாயகமூர்த்தி அப்போது பின்வளவில் மாடு கட்டிக்கொண்டிருந்தார். கிரானிலிருந்து கலியாணம் முடித்து அவள் வீட்டோடு வந்தவர். கண்ணகை பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அவள் அவரைக் கூப்பிடுவது "இஞ்சாருங்க" என்றுதான்.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம், மாரி தொடங்குவதற்குள் வைக்கோல் கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை வந்தது. தகரம் இருந்த இடம் கூகைமலை. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் வெள்ளைக்காரனின் பட்டாளத்தார் அந்த மலை உச்சியில் கல்லும் சீமெந்தும் வைத்து ஒரு காவல் கோட்டை கட்டினார்கள். இரண்டு மூன்று வருஷம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர்காய்ச்சலில் சிலர் அங்கேயே செத்தார்கள். மிச்சப்பேர் கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றாமல் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனார்கள்.

ஏறாவூர் கச்சி முகம்மது மாடு வாங்கி விற்கிறவர். கண்ணகை அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள். மலையடியில் வண்டியோடு நிற்பதாகவும், வினாயகமூர்த்தி மேலே ஏறித் தகரத்தைக் கழற்றி இறக்குவதாகவும், ஆளுக்குப் பாதி என்றும் பேச்சு. விடிய ஏறின மனுஷன் பொழுதுபட்டும் இறங்கவில்லை. அடுத்த நாள் காலை கச்சி முகம்மது தனியே படலையடியில் வந்து நின்றார்.

"நீங்க என்னத்துக்குக் காக்கா கீழ நிண்ட? மேல ஏறிப் பார்த்தா என்ன?"

"மாட்ட ஆரு தங்கச்சி பார்க்கிற? ஆனக் காடு."

"மாட்டுக்குக் காவல். மனுஷனுக்கு இல்ல. நல்ல ஞாயம்!"

ஊர் ஆம்பிளைகள் அந்த மலையென்றதும் நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். கண்ணகை காட்டுக்கத்தியையும் தண்ணீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டாள். "நாளைக்குப் போனா எலும்பு பொறுக்கத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். கச்சி முகம்மது வெட்கப்பட்டுப் பின்னால் வந்தார்.

மலையடி மரத்தில் அவள் ஒரு கொப்பு முறித்துக் காட்டுத் தெய்வத்துக்குத் தொங்கவிட்டுக் கும்பிட்டாள். அவர் பிஸ்மி சொன்னார். அங்கிருந்து மேலே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. காட்டுக்குப் போகிற தமிழரும் சோனகரும் ஒன்றாகக் காக்கும் வழக்கம் அது. ஆளைத் தேடினால் "கூ" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். காட்டில் பேர் விழுந்தால் அதைப் பொறுக்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்பார்கள்.

பாதை சுவர் மாதிரி நின்றது. பட்டாளத்தார் பாறையில் வெட்டின படிகளைப் பாசி மூடியிருந்தது. பிடித்து ஏறக் கட்டின இரும்புக் கம்பி கறள் பிடித்து, தொட்ட இடத்தில் உதிர்ந்தது. அடியில் கத்தின குரங்கும் குருவியும் பாதி மலைக்கு மேல் இல்லை. காற்று இருந்தது, இலை ஆடியது, சத்தம் மட்டும் வரவில்லை. கண்ணகைக்குத் தன் மூச்சே பக்கத்தில் வேறு யாரோ விடுவது போலக் கேட்டது.

"காக்கா, ஏதாவது பேசுங்களேன்."

"பேசினாப் பயப்படுவ."

"பேசாட்டியும் பயமாத்தான் இரிக்கி."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இந்தப் பட்டாளத்தானுகளுக்கு மாடு கொண்டந்து குடுத்த நான். காலையும் அந்தியும் எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி வச்சி, ஒவ்வொருத்தன்ட பேராக் கூப்பிடுவானுகள். அடிவாரத்துக்குக் கேக்கும். செத்தவன்ட பேரையும் ஒருக்கா மறந்து கூப்பிட்டானுகளாம். காட்டுக்குள்ள இரிந்து ஆரோ பதில் சொன்னாங்களாம். பேர் சொல்லப்படாத மலைக்குப் பேர் கூப்பிடப் பழக்கிப்போட்டுப் போயிட்டானுகள், தங்கச்சி."

"பேசாமலே வந்திரிக்கலாம் நீங்க."

உச்சிப் பொழுதில் கோட்டை தெரிந்தது. தெரிந்ததென்றால், மரங்களுக்கு நடுவில் சில சுவர்கள். ஒரு பக்கம் மரம் விழுந்து சரிந்திருந்தது. சுடுவதற்கு விட்ட ஓட்டைகள் வழியாகக் காட்டுக்கொடி இறங்கியிருந்தது. கூரையில் பாதித் தகரம் கழன்றிருந்தது. கழற்றினதெல்லாம் கயிற்றோடு ஒழுங்காக அடுக்கியிருந்தது. பக்கத்தில் அவருடைய சால்வை நாலாக மடித்தபடி கிடந்தது. மடித்து வைத்த மனுஷனைக் காணவில்லை.

"கூ!" என்றாள். மறுகா ஒன்று. மறுகா இன்னொன்று. சுவர் அதைத் திருப்பித் தரக்கூட இல்லை.

கச்சி முகம்மது வியர்வையைத் துடைத்தார். "மயக்கமாக் கிடந்தா கூவுக்கு எழும்புவாரா? பேரச் சொல்லிக் கூப்பிடு."

"மலையில பேர் சொல்லப்படாது."

"மலைக்குப் பயமா, உனக்கு வெக்கமா?"

அவள் சால்வையைக் கையில் எடுத்தாள், ஈரமாக இருந்தது. இன்னொரு ராத்திரி தாங்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தரமாக, "வினாயகமூர்த்தி!" என்று கத்தினாள். சொல்லி முடிந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்றுமில்லை. ஆனால் அது வெறுமையில்லை. எங்கேயோ பக்கத்தில் ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது அவளுக்கு உடம்பில் தெரிந்தது. கச்சி முகம்மதுவும் அதை உணர்ந்திருக்க வேண்டும். உதடு அசைய ஓதத் தொடங்கினார்.

பயம் கண்ணகைக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். வந்தது.

"இஞ்சாருங்க! நாலு தகரம் கழட்ட வந்த மனுஷன் இப்பிடியா? வீட்டில பிசைஞ்ச மா அப்பிடியே கிடக்கு, மாடு தண்ணிக்குக் கத்துது, நான் உங்களத் தேடி மலையில தொங்குறன்! ஒரு நாளாவது சொன்ன நேரத்துக்கு வந்திரிக்கீங்களா? கலியாணத்தண்டே பிந்தி வந்த ஆள்தானே நீங்க! எங்கட அப்பா பந்தலில..."

"வண்டிச் சில்லு கழண்டதுகா," என்று நிலத்துக்குள்ளிருந்து ஒரு குரல் சலித்துக்கொண்டது. "எத்தின தரம் சொல்லுற..."

கோட்டைக்குப் பின்புறம் பட்டாளத்தார் மழைத்தண்ணீருக்குக் கட்டின தொட்டி. மூடியிருந்த பலகை உக்கி உடைந்து, அவரை உள்ளே விட்டிருந்தது. கால் வீங்கி வாழைத்தண்டு போல ஆகியிருந்தது. தகரம் கட்டக் கொண்டுவந்த கயிற்றை இறக்கி, இருவருமாக இழுத்து எடுத்தார்கள். அவள் தண்ணீர் பருக்கினாள். குடிக்கக் குடிக்க ஏசினாள்.

"கூப்பிட்டது கேக்கல்லியா? வாய்க்குள்ள என்ன வச்சிருந்த?"

"கேட்டது." அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நேத்துப் பொழுதுபட்டதில இருந்து நீதான் கூப்பிடுற. மொதல்ல கூ எண்டு. மறுகா என்ட பேரச் சொல்லி. உன்ட குரலேதான். தொட்டி வாய்க்கு மேல வந்து நிண்டு கூப்பிட்ட. ஆனா என்ட பேர் உன்ட வாயில வராதே. அதால வாயப் பொத்திக்கிட்டுக் கிடந்தன். இப்பயும் அதுதான் எண்டு நினைச்சன்."

கண்ணகை குடுவையின் மூடியை அழுத்தி மூடினாள். "இப்பக் கூப்பிட்டது நான்தான்," என்றாள்.

"ரெண்டு தரமுமா?"

அவள் பேர் சொல்லி ஒரு தரம்தான் கூப்பிட்டிருந்தாள். கச்சி முகம்மதுவைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

தகரத்தை அடுக்கினபடியே விட்டார்கள். கச்சி முகம்மது வினாயகமூர்த்தியை முதுகில் சுமந்தார். கண்ணகை முன்னால் கத்தியால் கொப்பை விலக்கிக்கொண்டு, எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்லியபடி இறங்கினாள். மேகம் மறைத்துப் பாதை கறுத்தது. கால் வலியில் அவர் முனகும்போதெல்லாம் அவள் "இரிங்க, ஒள்ளுப்பம்தான், இன்னும் கொஞ்சத் தூரம்" என்றாள், ஏசாமல். அது அவருக்கு வலியை விடப் பயமாக இருந்திருக்கும்.

படிகள் முடிகிற வளைவில், அவர்களுக்குப் பின்னால், மேலே, பாசிப்படியில் யாரோ இறங்கி வந்து நின்றது போல ஒரு கல் உருண்டது.

"காக்கா," என்று கூப்பிட்டது. கண்ணகையின் குரல். களைத்துப்போன, கொஞ்சம் கோபமான, அச்சொட்டாக அவளுடைய குரல். "காக்கா, ஒள்ளுப்பம் நில்லுங்க."

கச்சி முகம்மதுவின் கால் நின்றது. ஓம் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது.

முன்னால் போன கண்ணகை திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியை மட்டும் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது நான் இல்ல," என்றாள். "நடங்க."