நரிக் கோடு

வீட்டைப் பூட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் அவள். பூட்டித்தான் இருக்கும். உடனே அடுப்பை அணைத்தோமா என்று தோன்றிவிடும். ஊர்க் கவலையை எல்லாம் குத்தகைக்கு எடுத்தவள் என்று தம்பி கிண்டல் செய்வான். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, பெரிய ஏரியின் நடுவே இருக்கும் ஒரு தீவில் நரியும் முயலும் வருஷா வருஷம் கூடுவதையும் குறைவதையும் கோடாக வரைவது. வனவிலங்கு அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே கோட்டக்கா.

அந்தத் தீவுக்கு வெளியிலிருந்து எந்த விலங்கும் வராது, அங்கிருந்து எதுவும் போகாது. முயல் பெருகினால் நரிக்குக் கொண்டாட்டம், அதுவும் பெருகும். பெருகிய நரி முயலைத் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியில் குறையும். மறுபடி முயல் தலையெடுக்கும். இதை அவள் சுவரளவு அகலமான கட்டத்தாளில் முயலுக்கு நீலம், நரிக்குச் சிவப்பு என்று வரைவாள். கணினியும் வரையும்தான். ஆனால் அதிகாரி மேடத்துக்கு அவள் கையால் வரைந்தால்தான் நம்பிக்கை.

தீவுக்குப் போய் எண்ணி வருகிறவன் தம்பி. அக்கா சொல்லித்தான் வேலை கிடைத்தது. மாலையில் நரி வளைகளின் வாயில் மணலை நிரவிவிட்டு, காலையில் போய் அதில் பதிந்த தடங்களைப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். "வருஷா வருஷம் நரி முகத்துல முழிக்கிறேன், அதிர்ஷ்டம்தான் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்குது" என்பான்.

அவளுக்கு ஒரு பழக்கம். அவன் படகேறும் முன்பே, இந்த வருஷப் புள்ளிகள் எங்கே விழும் என்று பென்சிலால் லேசாகக் குறி வைத்துவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்வாள். "பாரேன், உன் நரி இந்தத் தடவை நாப்பதுல வந்து நிக்கும்." முன்பெல்லாம் அவன் திரும்பி வந்ததும் பார்த்தால் குறி ஒரு பக்கம் இருக்கும், எண்ணிக்கை வேறு பக்கம் இருக்கும். நரி கோட்டக்காவின் மூக்கை உடைத்துவிட்டது என்று அலுவலகமே சிரிக்கும். அவளும் சிரித்துக்கொண்டே குறியை அழிப்பாள்.

இந்த வருஷம் தம்பி கொடுத்த எண்ணிக்கைக்குச் சிவப்புப் பேனாவை ஊன்றியபோது, முனை பென்சில் குறியின் மேலேயே போய் உட்கார்ந்தது. அச்சு பிசகவில்லை. முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் போன வருஷமும் அப்படியே விழுந்தது ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். கை தேறிவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டிருக்கிறாள்! உயிருள்ள ஜந்து எங்காவது இவ்வளவு சொன்ன பேச்சைக் கேட்குமா?

மறுநாள் காலை தீவுக்குப் பொறிகள் போகின்றன. கோட்டின்படி நரி எக்கச்சக்கம், முயல் சரிவில். ஆகவே பாதி நரிகளைப் பிடித்து அகற்றுவது என்று மேடம் முடிவு செய்தாயிற்று. கோடு பொய்யாக இருந்தால், மிச்சமிருக்கும் நரியும் பொறியில் போய்விடும். பூண்டோடு போனால் திரும்பி வர அதற்கு வழியே கிடையாது. சரி, கோடு பொய் என்று சொல்லிவிட்டாலோ தம்பியின் வேலை போய்விடும். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள் அவனுக்கு. தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேருந்து ஏறியவள், பதற்றத்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தாள்.

கதவைத் திறந்த தம்பி, வெளிச்சத்தில் நிற்கிறவளைப் பார்த்து, "யாரு?" என்றான்.

"நான்தாண்டா."

"அக்காவா? வா, வா."

உட்காரக்கூட இல்லை அவள். "இந்தத் தடவை தடம் பார்த்தியா?"

"பார்க்காம? வேற என்ன வேலை எனக்கு?"

"என் மேல சத்தியமா?"

அவன் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் நகர்த்தினான். அவள் சாப்பாட்டு மேசையில் தாளை விரித்தாள். "எந்த வருஷம் வரைக்கும் நிஜமா எண்ணினே? விரலை வச்சுக் காட்டு."

அவன் குனிந்தான். முகம் தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து, தடவித் தடவி ஒரு விரலை வைத்தான். கோடே இல்லாத வெறும் ஓரத்தில் இருந்தது விரல். "இது வரைக்கும்" என்றான்.

திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எங்கே போயினவோ தெரியவில்லை. "எப்பலேருந்துடா?"

"மூணு வருஷமா மங்கல்தான். மணல்ல எது தடம், எது நிழல்னு புரியல. சொன்னா வேலை போயிடும்னு பயம். நீதான் முன்கூட்டியே நம்பரைச் சொல்லிடுவியே. அக்கா சொன்னா தப்பாகவா இருக்கும்னு அதையே கொடுத்துட்டேன்."

தீவு என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷமாகத் தன் தலைக்குள் இருப்பதையே அவள் வரைந்திருக்கிறாள். அவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்ததுதான் அதிகம். கைப்பேசியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"சொல்லிடுக்கா" என்றான் தம்பி.

"மேடம், நாளைக்குப் பொறி வேண்டாம். அந்தச் சிவப்புக் கோடு நரியோடது இல்ல. நான் குத்துமதிப்பா வச்ச குறி. தம்பிக்குக் கண்ணு தெரியல, நான் சொன்னதையே எண்ணிக்கைன்னு கொடுத்திருக்கான்."

அந்தப் பக்கம் மேடத்தின் குரல் உயர்ந்தது. "அப்ப அங்க எத்தனை நரிதான்மா இருக்கு?"

அவள் தம்பியைப் பார்த்தாள். "கேட்கறாங்க. எத்தனைடா?"

"கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போன தடவை கூடாரத்துல படுத்திருந்தப்ப விடிய விடிய ஒண்ணு ஊளையிட்டுச்சு."

"மத்ததெல்லாம்?"

"பதிலுக்கு எதுவுமே கத்தலக்கா."

கைப்பேசியில் மேடம், "லைன்ல இருக்கியாம்மா?" என்றார்.

"இருக்கேன் மேடம்" என்றாள். "ஒண்ணு."