காலநடைக் கள்ளன்

உருத்திரபுரத்தில் எங்கள் வாய்க்கால் கரைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில் முதன்முதலாக அந்த நாடகம் போட்ட அன்று, ஐயாத்துரை மாமா தடியோடு வந்து முன்வரிசையில் குந்திவிட்டார். அவருடைய எருதுகள் இரண்டு அந்த வருடம்தான் களவு போயிருந்தன. கோயில் வாசலில் பரமலிங்கம் மாஸ்டர் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்த பலகையில் ‘கால்நடைக் கள்ளன்’ என்று இருந்தது. கள்ளர் எப்படி மாடு அவிழ்க்கிறார்கள் என்று ஒரு துப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர் ஐயாத்துரை மாமா ஒருவர் மட்டுமல்ல.

உண்மையில் நாடகத்தின் பெயர் ‘காலநடைக் கள்ளன்’. காலத்துக்குள் நடந்து திரிகிற கள்ளன். மாஸ்டரின் சுண்ணக்கட்டி ‘ல’வுக்கு மேலே ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்துவிட்டது.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டாக இருக்க வேண்டும். பெற்றோல்மாக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் ஒரே ஒரு ஆள் மேடையில் நின்றார். அவர்தான் கள்ளன், அவர்தான் மற்ற எல்லோரும். கள்ளன் முதலில் பழைய வன்னி அரசன் ஒருவனின் அரண்மனைக்குப் போய் யானையைத் திருடினான். காவலர் வந்ததும் யானைப்பாகன் ஆனான். பாகனைத் தேடினார்கள், அரசியின் தோழி ஆனான். கடைசியில் ஒளிக்க இடமில்லாமல் யானையாகவே மாறி, சாக்குத் தும்பிக்கையால் அரசனுக்கே ஆசீர்வாதம் செய்துவிட்டு வெளியே நடந்தான். அங்கிருந்து வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டத்தில் போய் இறங்கி, துரையின் தொப்பியைக் களவெடுத்துத் தலையில் வைத்து, துரையின் குரலில் லயத்துத் தொழிலாளர் எல்லோருக்கும் ஒரு கிழமை லீவு கொடுத்தான். பிறகு இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் போனான். அங்கே விசிலடித்தால் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வந்தது. இன்னொரு தரம் அடித்தால் நின்றது. சனம் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனது. ஐயாத்துரை மாமா மாட்டை மறந்துவிட்டார்.

மேடையில் நின்றவர் ஆண்டியப்பன்.

மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் அவர்கள் இருந்த லயம் எரிந்த பிறகு, தாய் வீரம்மா அவரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தார். தாய் எங்கள் ஊர் வயல்களில் நாற்று நட்டார். மகன் வளர்ந்து கிளிநொச்சியில் ஒரு ஒலிபெருக்கிக் கடையில் வேலைக்கு நின்றார். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் என்று ஸ்பீக்கர் பெட்டி கட்டப் போன இடமெல்லாம் ஆட்களின் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொருளாதாரத் தடை வந்து கடை பூட்டப்பட்டதும் ஐஸ்பழம் விற்றார். ஐஸுக்கு மின்சாரம் இல்லாமல் போனதும் சவர்க்காரம் காய்ச்சினார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி, சனத்துக்கு ரேடியோவில் செய்தி கேட்கக் கொடுத்தார். எந்த வேலைக்குப் போனாலும் பிறந்ததிலிருந்து அதையே செய்தவர்போல நிற்பார்.

பேச்சும் அப்படித்தான். தாயோடு மலைநாட்டுத் தமிழ், எங்களோடு எங்கள் தமிழ். அரசாங்க அலுவலாகக் கச்சேரிக்குப் போன இடத்தில் யாராவது ஊர் எது என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு ஊரைச் சொல்லி, அங்கே உள்ள கோயில் கிணறு, கிணற்றடி மகிழமரம் எல்லாவற்றையும் விவரிப்பார். யாழ்ப்பாணத்தை அவர் கண்ணால் கண்டதே இல்லை. விளையாட்டுக்குச் செய்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மலைநாட்டிலிருந்து வந்தவர்களை எங்கள் ஆட்கள் படலைக்கு உள்ளே கூப்பிட்டுக் கதிரை கொடுக்காத காலம் அது. வீரம்மா மாமி எங்கள் வளவில் எத்தனையோ தரம் நின்ற நிலையில் தேத்தண்ணி குடித்திருக்கிறார். எனக்கு அது அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை.

நாடகத்தில் சனம் வாயைப் பிளந்து பார்த்தது அந்த உடுப்பு மாறுகிற வித்தையை. அரசனின் மேற்சட்டையில் ஒரு நாடாவை இழுத்தால் அது கீழே விழுந்து தோழியின் பாவாடை ஆகிவிடும். துரையின் கோட்டைப் புரட்டினால் யானைத் தோல். அதையெல்லாம் யோசித்துத் தைத்தவர் என் பெரியப்பா வீரகத்தியின் ஒரே மகள், கமலாசனி அக்கா. பெரியம்மா இல்லாத வீடு. அக்காவுக்குத் தையல் மெசின்தான் துணை. கோயில் காரியம் என்றபடியால் பெரியப்பா மறுக்கவில்லை. ஆண்டியப்பன் படலையடியில் நின்று கள்ளன் அடுத்து எந்தக் காலத்துக்குப் போகிறான் என்று சொல்லுவார். அக்கா மெசினுக்குப் பக்கத்தில் இருந்தபடி, அந்தக் காலத்துக்கு இந்தத் துணி போதாது என்பார். கதையில் பாதி அக்கா போட்டது. இரண்டாயிரமாம் ஆண்டின் விசில் அவருடைய யோசனை.

அடுத்த திருவிழா முடிந்த கையோடு, இரண்டு பேரும் விரும்புகிற விஷயம் பெரியப்பாவின் காதுக்கு எட்டியது. அவர் சத்தம் போடவில்லை. படலையடிக்குப் போய், இனி இந்தப் பக்கம் வரத் தேவையில்லை என்று ஆண்டியப்பனுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அக்கா மெசினைத் துணியால் மூடி வைத்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கதை இல்லை.

ஒரு பின்நேரம் நானும் அக்காவும் குசினியில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தலைப்பா, வட்டக் கண்ணாடி, நரைத்த மீசை, கக்கத்தில் குடை. தான் யாழ்ப்பாணம் கைதடியிலிருந்து வந்த கலியாணத் தரகர் என்றார். பெரியப்பா கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், தேத்தண்ணி கேட்டுக் குரல் கொடுத்தார். எனக்கு ஆளைத் தெரியவில்லை. அக்கா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றதைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

தரகர் தடைக் காலத்துப் பயணம், பாதைப் பாஸ், விதைநெல் என்று ஊர்க்கதை எல்லாம் கதைத்துவிட்டுக் கேட்டார்.

“எப்பிடிப்பட்ட மாப்பிள்ளை பாக்கிறியள்?”

பெரியப்பா கொஞ்சம் யோசித்தார். “உத்தியோகம் எண்டெல்லாம் இல்லை. குடிக்கக் கூடாது. பிள்ளை கொஞ்ச நாளாச் சிரிக்கிறேல்லை. அவளைச் சிரிக்க வைக்கிற ஆளா இருந்தால் போதும்.”

“அப்பிடி ஒரு பெடியனை எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்” என்றார் பெரியப்பா. “தேத்தண்ணி ஆறப்போகுது ஆண்டியப்பா. குடிச்சிட்டுப் போ.”

பெரியப்பா வீட்டுப் படலைக் கொழுக்கி உள்பக்கமாக, கீழே இருந்தது. வெளியார் அதைத் தேடாமல் திறக்க முடியாது. இந்தத் தரகரின் கை நேரே அதற்குப் போனது. பெரியப்பா பிறகு எங்களுக்கு அதைச் சொன்னார். அன்று ஆண்டியப்பன் தலைப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து அவர் குடித்த முதல் தேத்தண்ணி அது. பெரியப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறில் சண்டை நெருங்கி, கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். அக்கராயன் காட்டோரம் கொட்டில் போட்டு இருந்த மாரியில், பெரியப்பாவுக்கு மலேரியா வந்து நினைவு தப்பிவிட்டது. எங்கள் வீட்டு ஆண்கள் வேறு வேறு திசையில் இருந்தார்கள். அக்கா மழைக்குள்ளால் ஓடி வீரம்மா மாமியின் கொட்டிலுக்குப் போய்ச் சொன்னார். ஆண்டியப்பன் பெரியப்பாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, தன் முதுகோடு சேர்த்துச் சாரத் துணியால் கட்டிக்கொண்டு, சேற்றுக்குள்ளால் காலை ஊன்றி உந்தியும் மிதித்தும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஆண்கள் வாட்டில் பெண்கள் தங்க முடியாது, நெருங்கிய ஆண் உறவு என்றால் ஒருவர் நிற்கலாம் என்று தாதி சொன்னார். ஆண்டியப்பன் சற்றும் யோசிக்காமல், சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில், தான் மூத்த மகன் என்றார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், சின்ன வயதில் அப்பா தன்னை மாம்பழத்துக்கு அடித்தது வரைக்கும் சொன்னாராம். நிலத்தில் சாக்கு விரித்துப் படுத்தார். நெற்றியில் துணி நனைத்துப் போட்டார், பாத்திரம் கழுவினார், பெரியப்பாவின் கால் நடுங்கினால் ஏறி இருந்து அமத்திப் பிடித்தார்.

நினைவு தெளிந்த அன்று காலை தாதி வந்து, மகன் நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்று பெரியப்பாவிடம் சொன்னார். அக்கா அப்போது கஞ்சியோடு பக்கத்தில் நின்றார். பெரியப்பா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

“எனக்கு மகன் இல்லை, பிள்ளை. அவன் பொய் சொல்லியிருக்கிறான்” என்றார். “அவன் என்ர மருமகன்.”

அக்காவின் கையிலிருந்த கஞ்சி கொட்டிப்போனது. பெரியப்பாவின் ஆட்கள் சிலர் கலியாணத்துக்கு வரவில்லை. வந்தவர்கள் தறப்பாளுக்குக் கீழே, மழை ஒழுகாத பக்கமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். வீரம்மா மாமியைப் பெரியப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இருந்த ஒரே கதிரையில் இருத்தினார். அன்றிலிருந்து எனக்கு ஆண்டியப்பன் அத்தான்.

பிறகு கொஞ்சம் நல்ல வருடங்கள். ஊருக்குத் திரும்பினோம். அக்காவுக்குத் தேனுகா பிறந்தாள். திருவிழாக்களில் கள்ளன் புதுப்புதுக் காலங்களுக்குப் போனான். இரண்டாயிரமாம் ஆண்டு வந்து போய்விட்டபடியால், விசிலுக்கு வராத தண்ணீரைப் பற்றி ஒரு காட்சியே வைத்தார்கள். அக்கா தைத்த உடுப்புகளால் ஒரு தகரப் பெட்டி நிரம்பியது.

இரண்டாயிரத்தொன்பதில் முடிந்த மற்ற இடப்பெயர்வைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் எங்கோ பெட்டியை விட்டோம். அதற்கு அங்காலே வீரம்மா மாமியை விட்டோம். புதைக்க மட்டும் நேரம் கிடைத்தது.

போர் முடிந்து எங்களைக் கொண்டுபோய் விட்ட செட்டிகுளம் அகதி முகாமில் அத்தான் பேசுவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால் பதில் வரும், ஆனால் அது யாருடைய தமிழும் இல்லை, வெறும் ஒன்று இரண்டு சொற்கள். வேறு ஒருவராக மாறாத ஆண்டியப்பனை நாங்கள் அங்கேதான் கண்டோம். அக்கா எங்களிடம் வந்து அழுவார். தண்ணீர் வரிசையில் நின்ற சனம் அவரைக் கண்டதும், கள்ளனே, எங்களை வேறு காலத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கேட்கும். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகிப் போய்விடுவார்.

ஒரு பகல், வெயிலில் கூடாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, வாசல் தறப்பாளை ஒதுக்கிக்கொண்டு பெரியப்பா வந்து நின்றார். எண்பதை நெருங்கிய மனுசன். வாழ்க்கையில் சிரிப்புக்கு ஒரு பகிடி விட்டு நான் கேட்டதில்லை. தலையில் துவாயை முண்டாசாகக் கட்டியிருந்தார். கக்கத்தில் குடைக்குப் பதிலாக ஒரு விறகுக் கட்டை.

“நான் கைதடியிலயிருந்து வாறன்” என்றார், குரலை மூக்கால் இழுத்து. “இஞ்ச ஒரு பெடியன் இருக்கிறானாம். எங்கட பிள்ளையைச் சிரிக்க வைக்கிற பெடியன். அவனை ஒருக்காக் காட்டுங்கோ.”

நடிப்பு படுமோசம். மூக்கால் இழுத்த குரல் பாதியில் உடைந்துபோனது. அத்தான் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பிப் போய், முண்டாசின் பின்பக்க முடிச்சைத் திருத்திக் கட்டினார். “தரகர் இப்பிடிக் கட்டமாட்டார் மாமா” என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. தாய்க்காக அவர் அழுதது அன்றைக்குத்தான். பெரியப்பா விறகுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்று மாலை தண்ணீர் வரிசையில், தண்ணீர் கொண்டுவருகிற பவுசர் லொறிச் சாரதியின் குரலில் அத்தான் யாருக்கோ பதில் சொன்னாராம். தேனுகா ஓடிவந்து சொன்னாள்.

பெரியப்பா ஊருக்குத் திரும்பி நான்கைந்து வருடம் இருந்தார். கொள்ளி வைத்தவர் அத்தான்தான். மூத்த மகன் இடத்தில் யார் என்று ஐயர் கேட்டபோது அவர் முன்னுக்கு வந்தார்.

இப்போது அத்தான் கிளிநொச்சிச் சந்தையடியில் ஓட்டோ ஓடுகிறார். போன மாதம் நான் வவுனியாவிலிருந்து போனபோது, அவரும் அக்காவும் என்னை ஆனையிறவு வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். உப்பளத்தில் வெயில் பட்டுக் கண் கூசியது. றோட்டோரம் நிறுத்தி, கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்தோம். காலத்துக்குள் போகலாம் என்றால் எந்தக் காலத்துக்குப் போவாய் என்று நான் அக்காவிடம் பகிடியாகக் கேட்டேன். அரசர் காலத்தையோ வரப்போகிற காலத்தையோ சொல்லுவார் என்று நினைத்தேன்.

“அக்கராயன் கொட்டிலுக்கு” என்றார் அக்கா. “ஒழுக்குக்கு வைச்ச சட்டி நிரம்ப நிரம்ப நான் வெளியில ஊத்துவன். அப்பாவும் மாமியும் ஒரு மூலையில இருந்து கதைச்சுக்கொண்டிருப்பினம். இவர் இரண்டு பேரின்ர குரலிலயும் மறுமொழி சொல்லுவார்.”

அத்தான் கோப்பைகளைக் கழுவி வைத்தார். கொஞ்சத் தூரத்தில் ஒரு பஸ் பழுதாகி நின்றது. சனம் இறங்கி வெயிலில் நின்றதைக் கண்டு, அக்காவையும் என்னையும் ஓட்டோவில் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கச் சொல்லிவிட்டு, ஏற்றக்கூடியவர்களைக் கூட்டிக்கொண்டுவரப் போனார்.